ரெக்ஸ்டேல் ராம்பில் ஒரு இடி: பிழை ஆரில?

ரெக்ஸ்டேலில் இருந்து தூரப் பயணம் போக ஹைவே ஏறாமல் வழி தேடுவது கஷ்டம். மேற்கே 427, தெற்கே 401, இடையில் விமான நிலையத்துக்குப் போகிற 409. கிழக்கே ஹம்பர் ஆறு, வடக்கே ஸ்டீல்ஸ். ரொறன்ரோவின் வடமேற்கு மூலையில் ஹைவேக்கள் வேலி அடைத்து வைத்த ஊர் இது. தலைக்கு மேலே பியர்சன் விமான நிலையத்தில் இறங்குகிற விமானங்கள் சில்லுத் தெரியப் பறக்கும். புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். நாங்கள் கதையை நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்தில் தொடங்குவோம்.

1950களில் ரெக்ஸ் ஹெஸ்லொப் என்ற கட்டட முதலாளி இங்கே இருந்த விவசாய நிலத்தை வாங்கி, வீடுகளும் பக்கத்திலேயே தொழிற்சாலைகளுக்கு இடமும் வைத்து உருவாக்கிய குடியிருப்பு இது. அவருடைய பெயர்தான் ஊருக்கும். 1998 வரை எட்டோபிக்கோவுக்குள் இருந்தது. அந்த வருடம் எல்லாம் சேர்ந்து ஒரே ரொறன்ரோ ஆனது. அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில்தான் என் அப்பா இருபது வருடத்துக்கு மேல் இரவு ஷிஃப்ட் செய்தார். சொந்தக்காரரில் முக்கால்வாசிப் பேர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும். ஆகவே கலியாணம், செத்தவீடு, பிறந்தநாள், கோயில் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரே பாதை: ராம்பில் ஏறு, 401இல் கிழக்கே போ. இந்த 401 ரொறன்ரோவுக்குள் வட அமெரிக்காவிலேயே மிக நெரிசலான ஹைவே. சில பகுதிகளில் நாளொன்றுக்கு நாலு லட்சத்துக்கு மேல் வாகனம் ஓடும். அப்பா அதில் எத்தனை ஆயிரம் தரம் ஏறியிருப்பார் என்று கணக்கில்லை. ஒரு கிளெய்ம் கிடையாது. அதை அவர் ஒரு பட்டம் மாதிரிச் சொல்லுவார்.

போன வருடம் பெப்ரவரி வரை.

நடந்தது

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் வீடு. அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில், அம்மா பின்னால் மடியில் கேக் பெட்டியுடன். வுட்பைன் மோல் தாண்டி, குதிரைப் பந்தயத் திடல் தாண்டி, ரெக்ஸ்டேல் பூலவார்டில் இருந்து 427 தெற்கு ராம்பில் ஏறினோம். முதல்நாள் பெய்த பனி ரோட்டில் சேறாகக் கிடந்தது. வாகனங்கள் நெருக்கமாக, எழுபது எண்பதில் போய்க்கொண்டிருந்தன.

அப்பா சிக்னல் போட்டு இடது பக்கம் திரும்பிப் பார்த்து உள்ளே எடுத்தார். முன்னால் ஒரு ட்ரக் வேகம் குறைத்தது. அப்பா பிரேக் அழுத்தினார். பின்னால் "டம்" என்று ஒரு சத்தம். கேக் முன் சீற்றின் முதுகில் அப்பியது. ஆருக்கும் காயமில்லை.

இடித்த காரை ஓட்டியது ஒரு இளம் பெண். விமான நிலையத்தில் வேலை, ஷிஃப்டுக்குப் போகிற அவசரம். கை நடுங்கியது. "அவர் போய்விடுவார் என்று நினைத்தேன், நின்றுவிட்டார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா ஒரே வசனத்தைச் சொன்னார்: "நான் லேனுக்குள்ள வந்திட்டன்." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீ பாத்தனிதானே?"

நான் பார்க்கவில்லை. 401இல் எந்தப் பக்கம் நெரிசல் குறைவு என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில், அந்தக் குளிரில், "ஓம் அப்பா" என்று சொல்லிவிட்டேன்.

ஃபிஞ்ச் அவெனியூவும் வெஸ்டன் ரோட்டும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, டோரியார்க் டிரைவில் விபத்துகளைப் பதிகிற நிலையம் இருக்கிறது. அங்கே போய்ப் பதிந்தோம். ஒன்ராறியோவில் காயமில்லாத விபத்தில் மொத்தச் சேதம் 5,000 டொலரைத் தாண்டினால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். 2025 ஜனவரிக்கு முன்பு அது 2,000 டொலராக இருந்தது. எங்கள் காரின் பின் பம்பர், இடது பக்க லைட், டிக்கி மூடி எல்லாம் நசிந்திருந்தன. திருத்த 5,800 டொலர் என்றார் கராஜ்காரர்.

வீட்டுக்கு வந்ததும் போன் மேல் போன். எல்லாரும் ஒரே தீர்ப்பு. மாமா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பின்னால இடிச்சவனிலதான் பிழை. இதில கதைக்க என்ன கிடக்கு?"

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர் அழைத்தார். அப்பாவில் 100 வீதம் பிழை என்றார்.

ரூல் புத்தகம்

அப்பாவின் கார் 2013 கொரோலா. பழைய கார்தானே என்று கொலிஷன் காப்புறுதியை அவர் எப்பவோ நிறுத்தியிருந்தார். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் மற்றவர் வந்து இடித்தாலும் உங்கள் காருக்கான காசை மற்றவருடைய கம்பனி தருவதில்லை. உங்கள் கம்பனிதான் தரும். உங்களில் எவ்வளவு பிழை இல்லையோ அந்த அளவுக்குத் தரும். பிழையுள்ள பங்குக்குக் காசு வேண்டுமென்றால் கொலிஷன் காப்புறுதி இருக்க வேண்டும். ஆகவே 100 வீதம் பிழை என்றால் அப்பாவுக்குக் கிடைப்பது பூச்சியம்.

காசை விட அவரைத் தாக்கியது அந்த எண். "நூறு வீதமோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு கார் திறப்பைக் கொண்டுபோய்ச் சாமி அறையில் வைத்தார்.

நான் அட்ஜஸ்டரிடம், "எந்த விதிப்படி?" என்று கேட்டேன். அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: விதி 8. அன்றிரவு உட்கார்ந்து அந்தச் சட்டத்தை வாசித்தேன். காப்புறுதிச் சட்டத்தின் கீழ் வருகிற, 1990ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ஒழுங்குவிதி 668. பெயரே 'பிழை தீர்மானிக்கும் விதிகள்'. படம் போட்டு, கார் 'ஏ', கார் 'பி' என்று எழுதியிருக்கிறது. நீளமில்லை, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வாசித்து முடிக்கலாம். "இப்படி நடந்தால் இவருக்கு இத்தனை வீதம்" என்பதுதான் முழுவதும். நான் வேலையில் எழுதுகிற நிரல் மாதிரியே இருந்தது.

மாமா சொன்னது விதி 6இல் இருக்கிறது. இரண்டு வாகனமும் ஒரே திசையில், ஒரே லேனில் போகும்போது முன்னால் போகிற ஏ நின்றிருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தாலும், பின்னால் வந்து இடிக்கிற பியில் 100 வீதம் பிழை. ஏயில் பிழையே இல்லை. நாங்கள் ஊரில் இருந்து கொண்டுவந்த அறிவும் இதுதான்.

ஆனால் 'ஒரே லேனில்' என்ற சொல்லை மாமா வாசிக்கவில்லை. விதி 8 இப்படிப் போகிறது: ஹைவே மாதிரி நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட ரோட்டில் ஏ போகும்போது, நுழைவு லேனில் இருந்து பி உள்ளே வருகிற சமயம் இரண்டும் மோதினால், உள்ளே வருகிற பியில் 100 வீதம் பிழை. ஹைவேயில் ஏற்கெனவே போகிறவருக்குத்தான் உரிமை. இந்த விதியில் பின்னால், முன்னால் என்ற பேச்சே கிடையாது.

ஆக ஒரே இடி. அப்பா லேனுக்குள் வந்து முடித்துவிட்டார் என்றால் விதி 6, அவரில் பூச்சியம். வந்துகொண்டிருந்தார் என்றால் விதி 8, அவரில் நூறு. வித்தியாசம் ஒரு செக்கன், ஒரு வெள்ளைக் கோடு.

எனக்கு ஆச்சரியம் தந்தது மூன்றாம் பிரிவு. பிழை வீதத்தைத் தீர்மானிக்கும்போது காலநிலை, ரோட்டு நிலைமை, பார்வைத் தெளிவு எதையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது. "பனி சறுக்கியது" என்று சொன்னால் சனம் இரங்கும், விதி இரங்காது. காரில் எந்த இடத்தில் இடி விழுந்தது என்பதையும் வீதத்துக்குக் கணக்கெடுக்கக் கூடாது என்கிறது. நாங்கள் எல்லாரும் பம்பரைக் காட்டிக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தோம். நசிந்த பம்பர் அந்தப் புத்தகத்தில் தீர்ப்பே இல்லை. எந்தச் சூழ்நிலையில் மோதினோம் என்பதுதான் தீர்ப்பு.

அடுத்தது நாலாம் பிரிவு. ஒரு விபத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விதி பொருந்தினால், காப்புறுதிக்காரருக்குக் குறைந்த பிழை தருகிற விதியை எடுக்க வேண்டும். ஆனால் இரண்டு கார் மட்டும் மோதி, ஒரு விதிப்படி நூறும் இன்னொரு விதிப்படி பூச்சியமும் வந்தால் 50 வீதம். எங்களுடைய ராம்பை மனதில் வைத்து எழுதினது மாதிரி இருந்தது.

சாட்சி

கடிதம் எழுத உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். "நீ பாத்ததை எழுது. கார் முழுசா உள்ள வந்திட்டுது எண்டு எழுது."

அங்கேதான் சொன்னேன். "அப்பா, நான் பாக்கேல்லை. போனில இருந்தனான்."

அவர் ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் டிவியைப் போட்டார். இரண்டு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. நான் பார்த்ததாக எழுதியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் நடுங்கிய கையும் கண்ணுக்குள் நின்றது. அப்பாவுக்கு நூறு குறைந்தால் அது அவளுக்குத்தான் ஏறும். ஒன்ராறியோவில் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதும் பிரீமியத்தைத் தீர்மானிக்கிறது. ரெக்ஸ்டேல்காரருக்கு அதன் பாரம் தெரியும். அதற்கு மேல் நான் பார்க்காத ஒன்றை வைத்து இன்னொரு பாரம் ஏற்ற மனம் வரவில்லை.

சாட்சி சொன்னது அம்மா. அம்மாவுக்கு ஹைவே பயம். ராம்ப் ஏறும்போது ஜன்னலுக்கு மேல் இருக்கிற கைபிடியைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்பா. கார் லேனில் நேரானதும்தான் கையை எடுப்பா. முப்பது வருடமாக இது மாறவில்லை. "நான் கைபிடியை விட்டிட்டு கேக் பெட்டியைப் பிடிச்சனான். அதுக்குப் பிறகுதான் இடி விழுந்தது" என்றா. "ஆனா எவ்வளவு நேரத்துக்குப் பிறகு எண்டு கேட்டா, ஒரு முருகா சொல்லுற நேரம்தான்."

அதை அப்படியே எழுதினேன். நான் பார்க்கவில்லை என்பதையும் எழுதினேன். முன்னால் ட்ரக் வேகம் குறைத்தது, அப்பா பிரேக் போட்டது, அந்தப் பெண் அவ்விடத்திலேயே சொன்ன "நின்றுவிட்டார்" என்ற சொல், எல்லாம் ஒரு படத்தோடு. விதி 6உம் பொருந்தும், விதி 8உம் பொருந்தும், அப்படியானால் நாலாம் பிரிவைப் பாருங்கள் என்று முடித்தேன்.

ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. 50 வீதம். 2,900 டொலர் வந்தது.

நான் வென்றது மாதிரித் துள்ளினேன். அப்பா கேட்டார்: "பாதிப் பிழை எண்டால் என்ன? பாதி உள்ள வந்தனான், பாதி வெளியில நிண்டனான் எண்டோ?" என்னிடம் பதில் இல்லை. பிரீமியத்தைப் பொறுத்தவரை பெரிய விடுதலையும் இல்லை: இங்கே 25 வீதத்துக்கு மேல் போனாலே அது 'பிழையுள்ள விபத்து'. 50உம் அதற்குள்தான்.

இன்னும் ஒரு படி ஏறியிருக்கலாம். விதிப்படி வந்த வீதம் உண்மையான பிழையைக் காட்டவில்லை என்று நினைத்தால் உங்கள் கம்பனி மேல் வழக்குப் போடலாம். அங்கே இந்தப் படங்களை விட்டுவிட்டுச் சாதாரணச் சட்டப்படி பார்ப்பார்கள். அதற்கு முன் கம்பனிக்குள்ளேயே முறைப்பாடு செய்யலாம், பிறகு காப்புறுதித் துறையின் குறைகேள் சேவைக்கும் போகலாம். அப்பா வேண்டாம் என்றார். "அந்தப் பிள்ளையும் வந்து நிக்க வேண்டி வரும். விடு."

உங்களுக்கும் நடந்தால்

இதை வாசிக்கிறவர்களில் பலர் எங்களைப் போல ராம்ப் ஏறித்தான் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள். ஆகவே நான் படித்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பின்னால் இடித்தவரில்தான் பிழை என்பது ஒரே லேனில் போகும்போது மட்டும். மேர்ஜ் பண்ணும்போது இடி விழுந்தால் நீங்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியவர். லேன் மாறும்போது பக்கவாட்டில் உரசினாலும் மாறினவரில்தான் 100 வீதம். மூன்று கார் வரிசையாக இடித்தால் வேறு விதி: எல்லாமே ஓடிக்கொண்டிருந்தால் முதல் காருக்கும் நடுக் காருக்கும் நடந்த மோதலில் நடுவில் இருப்பவருக்கு 50 வீதம் வரும்; கடைசிக் கார் மட்டும் ஓடி வந்து, நின்ற இரண்டையும் இடித்திருந்தால் நடுவில் இருப்பவரில் பிழை இல்லை. ஆகவே "நான் நின்றிருந்தேன்" என்பது சின்ன வசனம் இல்லை. உண்மையென்றால் அதை முதல் அறிக்கையிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

பம்பரை மட்டும் படம் எடுக்காதீர்கள். ஆபத்தில்லை என்றால் காரை நகர்த்த முன், லேன் கோடு தெரியச் சில்லுகளைப் படம் எடுங்கள். ஹைவே நடுவில் இறங்கி நிற்க வேண்டாம். படத்தை விட உயிர் பெரிது. முன் கண்ணாடியில் ஒரு கமரா பூட்டுங்கள். எங்கள் காரில் அது இருந்திருந்தால் அம்மாவின் முருகாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கத் தேவையில்லை. அட்ஜஸ்டர் ஒரு வீதம் சொன்னால் "எந்த விதி இலக்கம்?" என்று கேளுங்கள். கோபப்படத் தேவையில்லை, அந்த இலக்கம் கிடைத்தால் அரைவாசி வேலை முடிந்தது.

ராம்பில் ஏறும்போது அந்த நீளமான லேன் எதற்கு இருக்கிறது என்பதையும் நினையுங்கள். ஹைவே வேகத்துக்கு வந்து சேரத்தான். மெதுவாக உள்ளே போய் உடனே பிரேக் போடுவதுதான் ஆபத்து. ஹைவேயில் போகிறவருக்குச் சட்டம் உரிமை தருகிறது. ஆனாலும் ராம்ப் வரும் இடத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டால் என்ன குறைந்துவிடும்? அந்தப் பெண் ஒரு கார் நீளம் தள்ளி வந்திருந்தால், அப்பா ஒரு செக்கன் பொறுத்து எடுத்திருந்தால், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

திறப்பு

அப்பா அந்த வருடம் முழுக்கக் கார் ஓட்டவில்லை. அல்பியன் ரோட்டில் உள்ள நூலகத்துக்கு நடந்து போவார். 2017இல் திறந்த புதுக் கட்டடம். உள்ளே வெளிச்சம் நிறைய. அங்கே பேப்பர் பார்த்துவிட்டு அல்பியன் மோலுக்கு நடப்பார். ஸ்காபரோ விசேஷங்களுக்கு நான் ஓட்டினால் வருவார், இல்லையென்றால் "சுகமில்லை" என்று சொல்லிவிடுவார். அம்மாதான் தனியாகத் தவித்தா.

2025 டிசம்பர் 7இல் ஃபிஞ்ச் வெஸ்ட் ரயில் ஓடத் தொடங்கியது. ஹம்பர் கொலிஜில் இருந்து ஃபிஞ்ச் வெஸ்ட் சப்வே வரை 18 தரிப்பு, 10 கிலோமீற்றர் சொச்சம். எத்தனையோ வருடம் ரோட்டைக் கிண்டிப் போட்டு வந்த ரயில். அப்பா முதல் கிழமையே ஏறிப் பார்த்தார். திரும்பி வந்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஓட்டினா இதைவிடக் கெதியாப் போவன்" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் 'நான் ஓட்டினா' என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். அம்மா என்னைப் பார்த்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு விடிய ஏழு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினார். கையில் திறப்பு. "றோட்டில சனம் இல்லாத நேரம். வா."

அதே ரெக்ஸ்டேல் பூலவார்ட், அதே ராம்ப். போனைக் கைப்பைக்குள் போட்டுப் பின் சீற்றில் எறிந்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, அந்த நீள லேனை முழுசாகப் பாவித்து, வேகம் பிடித்து உள்ளே எடுத்தார். ஒரு பெரிய ட்ரக் எங்களுக்கு இடம் விட்டுத் தள்ளி வந்தது. கார் நேரானது.

கொஞ்சத் தூரம் போன பிறகு அப்பா ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இப்ப பாத்தனியோ?"

"பாத்தனான் அப்பா. முழுசா உள்ள வந்திட்டீங்கள்."

"ம்" என்றார். பிறகு 401 கிழக்குக்குச் சிக்னல் போட்டார். பெரியம்மா வீட்டில் இடியப்பம் சூடாக இருக்குமாம்.